அன்பர்பேட்டையின் முதல் குடும்பம்

ஊரை உண்டாக்கியவரின் கொள்ளுப்பேரன் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து பேச முடிகிற கடைசி நிமிஷம் வரைக்கும் டாக்டரிடம், தன் கொள்ளுத்தாத்தா இல்லையென்றால் இந்த ஊரே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

புதுச்சேரியில் இந்த இனத்தின் உயர்ந்த ரகம் தணிகாசலம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அன்பர்பேட்டை இன்று டவுனோடு ஒட்டிப்போன நாலு தெரு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சைவ மடத்துச் சாமியார் ஆசி கொடுத்து அனுப்ப, அடியார்கள் ஏழு பேர் வந்து குடிசை போட்டு உண்டாக்கிய புண்ணிய பூமி என்பது ஊர்ப் பேச்சு. அதனால் ஊர்த் திருநாள் வாரத்தில் அங்கே மீன்கூடை நுழைய முடியாது. அந்த ஏழு பேருக்கு இன்றைக்கு அறுபத்திரண்டு முதல் குடும்பங்கள். அதிலும் முதல் யார்? சண்டையே அதுதான். திருநாளில் திறக்கப்போகும் கல்வெட்டில் தன் கொள்ளுத்தாத்தா கண்ணையன் பெயர் முதலில் வராவிட்டால் தன் கட்டை வேகாது என்று மனைவி அன்னக்கிளியிடம் தினமும் சொல்வார். அந்த அம்மாள் சாம்பாரா ரசமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

தணிகாசலத்திடம் ஆதாரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதம், முத்திரையோடு, கண்ணையன் பெயர் முதலாவதாக. பிரேம் போட்டு, மாலை சாத்தி, வெள்ளி தவறாமல் கற்பூரம் காட்டினார். படித்தாரா? பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தார்; மற்றபடி பிரெஞ்சு அவருக்கு ஒரு வார்த்தை வராது. கும்பிடுவதை யார் படிக்கிறார்கள்?

விழாக் கமிட்டிக் கூட்டத்துக்குப் பிரேமைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் குடிசை போட்டது தன் கொள்ளுத்தாத்தாதான் என்று சாதிக்கும் வெற்றிவேல், அதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டார். பிரெஞ்சு டீச்சராக இருந்த அஞ்சலாட்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு முட்டியது.

"அண்ணே, இது சர்க்கார் உத்தரவு. சாமியார் குடுத்த புகார்மேல போட்டது. தியான நேரத்துல மடப்பள்ளியில கண்ணையன் நெத்திலிக் கருவாடு வறுத்தாராம். கையும் கருவாடுமா புடிச்சிட்டாங்களாம்."

தணிகாசலத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. வெற்றிவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருங்க வெற்றிவேலண்ணே, இன்னும் ஆறு பேரு இருக்கு. கூட உக்காந்து தின்னவங்க. ரெண்டாவது உங்க கொள்ளுத்தாத்தாதான். மடத்துக்கு வாசன வராத தூரத்துல ஏழு பேரும் குடிசை போட்டுக்கணும்னு உத்தரவு."

அறுபத்திரண்டு முதல் குடும்பங்களும் தரையைப் பார்த்தன. தணிகாசலம் மட்டும் மெல்ல எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வறுத்தது எங்க கொள்ளுத்தாத்தா. உங்களுது எல்லாம் தின்னதுதான். இப்ப சொல்லுங்க, கல்லுல மொதல்ல யார் பேரு?"

திருநாளன்று கல்லைத் திறந்தார்கள். கண்ணையன்தான் முதல். காரணத்தை மட்டும் செதுக்கவில்லை.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடிப்பதற்குள், பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க கொள்ளுத்தாத்தா அப்படியாப்பட்டவரு இல்ல" என்று ஆரம்பித்துவிட்டீர்களானால், வாருங்கள். தணிகாசலத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.