பனி அளந்த காணாது அண்ணை

ஆக்லாந்தில் மட்டுமில்லை, நியூசிலாந்து முழுக்கத் தேடினாலும் காணாது அண்ணையைப் போல ஓர் அவநம்பிக்கைக்காரர் கிடைக்கமாட்டார். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழில் காணாது என்றால் பத்தாது. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான்.

கல்யாண வீட்டில் "சாம்பார் எப்படிண்ணா?" என்று கேட்டால், "ஒரு கரண்டியை வச்சு என்னத்தைச் சொல்லுறது தம்பி? காணாது" என்பார். அவருடைய அக்கா மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார்கள். "மூண்டு வருஷமாத்தான் தெரியும். காணாது." அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று, அக்காவும் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் அலுவலகம் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில். தெற்குத் தீவின் மலைக்காடுகளில், ஆறுகள் பிறக்கும் இடங்களில், மழையையும் பனியையும் அளக்கக் கருவிகள் நட்டிருந்தோம். அவை அனுப்புவதை, பனியே பெய்யாத ஆக்லாந்தில் உட்கார்ந்துகொண்டு பார்ப்போம். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை, அண்ணைக்குக் கருவிகள். வானிலை ஆபீஸ்காரர் என்று பேர் பரவிவிட்டதால், பொங்கல் விழாவுக்கு மழை வருமா என்று அவருக்கு போன் வரும். "நான் பெய்ஞ்சதைத்தான் சொல்லுவன். பெய்யப்போறதைச் சொல்ல நான் என்ன சாத்திரியோ?" என்று வைத்துவிடுவார். விழாவுக்கு மட்டும், நல்ல ஜனவரி வெயிலில், மழைக்கோட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸுமாக வந்து நிற்பார்.

அந்தக் கருவிகளில் ஒன்று, ஒரு பள்ளத்தாக்குக் காட்டில் இருந்த பனி அளக்கும் கம்பம், அவர் தன் கையால் நட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதைத்தான் பார்ப்பார். "அது உங்க பிள்ளையாண்ணா?" என்று சீண்டினேன்.

"என்ர பிள்ளை மெல்பேர்னில இருந்து ஒரு போன் கோல் எடுக்கிறேல்லை. இது மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுக்குது," என்றார்.

செலவைக் குறைக்கிறோம் என்று மேலிடம் அந்தக் கம்பத்தில் கை வைத்தது. முடிவு செய்ய ஒரு கூட்டம். நான் அவருக்காக வரைபடம் போட்டுக்கொடுத்தேன். வருஷத்துக்கு வருஷம் பனி இறங்கிக்கொண்டே வரும் சிவப்புக் கோடு. "பனி குறையுதுன்னு ஒரு வரி சொல்லுங்கண்ணா, கம்பம் பிழைச்சிடும்," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

மேலிடத்து அம்மாள் கேட்டார்: "இத்தனை வருஷம் அளந்து என்ன கண்டுபிடித்தீர்கள்?"

அண்ணை எழுந்தார். சிவப்புக் கோட்டை ஒரு தரம் பார்த்தார். "நிச்சயமாகச் சொல்ல இன்னும் பத்து வருஷம் வேண்டும்," என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கம்பத்தைப் பிடுங்க அங்கேயே உத்தரவாகிவிட்டது.

லிஃப்டில் கேட்டேவிட்டேன். "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களேண்ணா. குறையுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தம்பி. முதல் குளிர்காலம் அந்தக் கம்பத்தடியில இடுப்பளவு பனிக்குள்ள நிண்டனான். குறையுதுதான். ஆனா எனக்குத் தெரியுறது சாட்சியில்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழ்த்தளம் வந்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன ஜூலை, குளிர்கால விடுமுறையில் மகளோடு அந்தப் பக்கம் காரில் போனேன். விஷயம் தெரிந்து அண்ணை கூப்பிட்டார். "கம்பம் நிண்ட இடத்தில ஒருக்கா இறங்கிப் பாரும். எவ்வளவு கிடக்கு எண்டு சொல்லும்."

நடந்து போய்ப் பார்த்தோம். ஈர இலைகளும் கம்பம் பிடுங்கிய குழியும் இருந்தன. நடுக்குளிர்காலத்தில் ஒரு பிடி பனி இல்லை. "கொஞ்சம் இருக்குன்னு சொல்லிடுங்க, பாவம்," என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். ரோட்டுக்கு வந்து போனை எடுத்தபோது, நாலு விரல் உயரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமே இல்லண்ணா," என்றேன்.

"கம்பம் நிண்டிருந்தா இதுவும் பதிஞ்சிருக்கும்," என்றார். பிறகு, "பிள்ளைக்குக் காலில சப்பாத்து நனைஞ்சிருக்கும். கெதியா வெளிக்கிட்டுப் போம்," என்றார்.

நான் வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள். அந்த மனிதரிடம் மட்டும் ஒரு சென்டிமீட்டர்கூட ஏற்றிச் சொல்ல மனசு வரவில்லை.