யாகப்பர் கட்டிய கூடு

மேசை விசிறியின் இரண்டு கம்பி மூடிகளையும் காணவில்லை. இறக்கை மட்டும் மொட்டையாகச் சுழன்றுகொண்டிருந்தது. கள்ளன் யாரென்று திரேசம்மாவுக்குக் கேட்காமலே தெரியும். தாலி கட்டிய கள்ளன்தான்.

"இஞ்சேருங்கோ, விசிறி மூடி எங்கை?"

"கூட்டுக்கு எடுத்தனான்," என்றார் யாகப்பர், தேத்தண்ணியை ஊதியபடி. "கம்பியெண்டா நண்டு வெட்டாது."

இறங்குதுறைத் தூணில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்த இரைமீன் கூட்டைத்தான் சொன்னார். பாரை பிடிப்பதில் யாகப்பருக்கு ஒரு வீம்பு உண்டு. தூண்டிலில் உயிர்மீன் துடிக்க வேண்டும். செத்த இரையோடு வள்ளம் ஏறுவதைவிட வீட்டில் படுத்துக் கிடக்கலாம் என்பார். ஆகவே குட்டித் திரளியும் ஓராக் குஞ்சும் பிடித்துக் கூட்டில் விட்டு, போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் கடலுக்குப் போவார்.

சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் திரேசம்மாவின் வேலை.

போன சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போன மகன் றெனால்ட் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் வந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு திரேசம்மா படலை தாண்டவில்லை. கோயிலும் இல்லை, சந்தையும் இல்லை. யார் கூப்பிட்டாலும் தலையிடி என்றாள். அப்படியிருக்க ஒருநாள் யாகப்பர், தான் கூடு கட்டப்போவதாகவும், அதே வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போகப்போவதாகவும் சொன்னார். அவள் அழுதாள், சண்டை பிடித்தாள், சமைக்காமல் கிடந்தாள். அவர் பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டார். வேறு வழியில்லாமல் அவள் படலையைத் திறந்தாள். இவரையும் கடலுக்குக் கொடுக்கமாட்டேன் என்ற ஒன்றுதான் அவள் நெஞ்சில் இருந்தது.

முதற்கூடு இரண்டு மீன்பெட்டிகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டியது. யாகப்பர் மத்தியானம் சந்திக்குப் போகும்போது, "பின்னேரம்தான் வருவன்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். பிறகென்ன, அவள் கயிற்றை அவிழ்த்து மீன்களைத் துரத்திவிட்டாள். நண்டு வெட்டிய மாதிரி இருக்கட்டும் என்று கயிற்று நுனியைப் பல்லால் கடித்தும் வைத்தாள். அதில்தான் வந்தது வினை. அவர் நண்டுக்குப் பயந்து விசிறி மூடியை எடுத்தார். வெக்கையில் வெந்தது அவள்.

விசிறிக் கூட்டைக் கம்பி நெளித்துத் திறந்தாள். மறுநாள் குசினியில் கோப்பை கவிழ்க்கும் கம்பி ராக்கையைக் காணவில்லை. கோப்பைகளெல்லாம் கதிரையில் காய்ந்தன. ராக்கைக் கூட்டையும் திறந்துவிட்டாள். அடுத்ததாக உடுப்புக் கூடை போயிற்று. இப்படியே போனால் அலுமாரிக் கதவும் கடலுக்குள் இறங்கிவிடும் என்று பயந்தாள். ஆனாலும் விடவில்லை.

துறையில் கிழிந்த வலை பொத்தும் றெபேக்காதான் பெரிய இடைஞ்சல். அவள் எழும்பும்வரை கூட்டை நெருங்க முடியாது. "இதில இருங்கோ அக்கா" என்று அவள் கூப்பிட, சந்தேகம் வரக்கூடாதே என்று திரேசம்மா இருந்தாள். தேத்தண்ணி குடித்தாள். மறுமுறை தானே வலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக் கொடுத்தாள். ஒருநாள் றெபேக்கா மாமியாரைப் பற்றிச் சொன்ன கதைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிள்ளையைக் கொடுத்தவளுக்கு என்ன சிரிப்பு என்று வெட்கப்பட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு வீடு போனாள். கரையில் படங்கு மூடிக் கிடந்த வள்ளத்தின் பக்கம் மட்டும் அவள் தலையைத் திருப்பவில்லை.

கடலில் தொங்கிய உடுப்புக் கூடைக்குள் கை விட்டபோது ஓரா முள் குத்தியது. பின்னேரத்துக்குள் விரல் வாழைப்பழமாய் வீங்கிவிட்டது.

"என்னப்பா விரலுக்கு?"

"மீன் வெட்டேக்க குத்திப்போட்டுது."

அன்று வீட்டில் பருப்பும் கத்தரிக்காயும்தான். யாகப்பர் சட்டியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். தண்ணீர் சுடவைத்து, விரலை அதற்குள் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். நோவைவிட அவர் அப்படிக் குந்தியிருந்ததுதான் அவளை அழவைத்தது. இந்த மனிதனை எப்படிக் கடலுக்கு விடுவது?

அடுத்த நாள் கூட்டுக்குப் பூட்டு வந்தது. திறப்பைச் செபமாலையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இனி நண்டென்ன, ஆராலயும் திறக்கேலாது. திங்கள் விடியப் போறன்."

பூட்டென்றால் இரண்டு திறப்பு இருக்க வேண்டுமே. திரேசம்மா மற்றதைத் தலையணைக்குள் தேடினாள், அரிசி வாளிக்குள் தேடினாள், வேதாகமத்தைக் கவிழ்த்து உதறியும் பார்த்தாள். துறைக்குப் போய்க் கத்தியை விட்டுத் தெண்டினாள். கத்திப்பிடி கழன்று கடலுக்குள் விழுந்ததுதான் மிச்சம்.

பூட்டுச் சுற்றிவந்த பையில் பக்கத்து ஊரான தாராபுரத்துக் கடையின் பெயர் இருந்தது. ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அவள் சேலை உடுத்தாள். றெனால்டின் பூசைக்குப் பிறகு முதல்தடவையாகக் கோயில் வாசலைக் கடந்தாள், உள்ளே எட்டியும் பார்த்தாள், ஓட்டோ பிடித்துப் போனாள். வழியில் நான்கைந்து பேர் கைகாட்டினார்கள். பதிலுக்கு அவளும் காட்டினாள்.

கடைக்கார ஹலீம் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார்.

"யாகப்பர் வாங்கின மாதிரி ஒரு பூட்டு தாங்கோ தம்பி. வீட்டு அலுமாரிக்கு."

மலிவுப் பூட்டுகளில் ஒன்றின் திறப்பு மற்றதையும் திறக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். அதை நம்பித்தான் வந்தாள். பொருந்தாவிட்டால் நாளை விடிய அவர் போய்விடுவார்.

ஹலீம் பூட்டு எதையும் எடுக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து, ஒரு சின்னத் திறப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களுக்கெண்டு அண்ணை பூட்டு வாங்கேக்கயே தந்திட்டுப் போனது, அக்கா. முப்பத்தோராம் நாள் முடிஞ்ச கையோட வள்ளத்து எஞ்சினை என்ர மச்சானுக்கு வித்துப்போட்டார். கூட்டில மீன் கிடந்தாத்தான் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவீங்களாம்."