மூன்றாவது கூலர்

நான்காம் முறையாகக் கம்ப்யூட்டர் தானாக அணைந்திருந்தது. அறுபத்திரண்டு சதவீதம் தயாராகியிருந்த பின்சியின் கல்யாண வீடியோ அதோடு போயிற்று.

சனிக்கிழமை பின்சி புருஷனோடு குவைத் போகிறாள். அதற்குள் வீடியோ கைக்கு வராவிட்டால், உடும்பஞ்சோலை சர்ச் பங்கில் இனி ஒரு கல்யாணத்துக்கும் படம் எடுக்க ஜிதினைக் கூப்பிட மாட்டார்கள். பின்சியின் அம்மா அதைப் பார்த்துக்கொள்வார்.

கம்ப்யூட்டருக்குள் வீடியோ வேலையைச் செய்யும் கிராபிக்ஸ் கார்டைத் தொட்டான். விரல் சுட்டது.

சிஜுவுக்குப் போன் போட்டான். கம்ப்யூட்டர் விஷயத்தில் சிஜு சொல்வதுதான் வேதம். அவன் வைத்திருப்பது செல்போன் கடை.

"கார்டோட வந்த கூலர் ஃபேனா? அது பேருக்கு வச்சிருக்கிறது மாப்ள. கழட்டிட்டு, தனியா விக்கிற கூலர் வாங்கிப் போடு."

"வாரண்டி போயிருமே."

"வாரண்டியவா பின்சிக்குக் குடுக்கப் போற?"

ஆனாலும் ஜிதின் படித்தவன், ஆராயாமல் இறங்க மாட்டான். யூடியூபில் பதினேழு வீடியோ பார்த்தான். எட்டுப் பேர் கம்பெனிக் கூலரே போதும் என்றார்கள். எட்டுப் பேர் அது குப்பை என்றார்கள். பதினேழாவது ஆளும் குப்பை என்றார், தாடி வேறு வைத்திருந்தார். ஜிதின் நம்பிவிட்டான்.

மூன்று விசிறி வைத்த கூலர் வந்தது. பூட்டியதும் கம்ப்யூட்டர் பெட்டியின் கதவு மூடவில்லை. கதவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். ஸ்விட்சைப் போட்டதும் மேசையே கிடுகிடுத்தது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், சூடு ஏறவில்லை.

"ஒரு ஞானஸ்நானம் இருக்குப்பா, படம் எடுத்துட்டு வாரேன். மிசின் ஓடுது, பாத்துக்கோங்க."

"நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார் அப்பா சுவக்கீன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

திரும்பி வந்தால் முப்பது சதவீதத்திலேயே அணைந்திருந்தது.

"காத்து பத்தல, சன்னலைத் தொற" என்றான் சிஜு.

திறந்தான். பனி அறைக்குள் புகுந்தது. பல் தந்தியடிக்க, டீ குடிக்கப் போய் வந்தான். பன்னிரண்டு சதவீதம்.

வெள்ளிக்கிழமை பின்சியே கூப்பிட்டாள். "அண்ணா, நாளைக்குக் காலையில ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறோம். கிடைக்குமா கிடைக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

ஜிதினுக்கு அழுகை வந்துவிட்டது. பழைய கூலரையே மாட்டலாமென்றால் அதன் திருகாணிகளைக் காணோம்.

"உள்ள தண்ணி ஓடுற கூலர்தான் ஒரே வழி. போடியில கிடைக்கும்" என்று சிஜு தீர்ப்புச் சொன்னான்.

ஜிதின் ஹெல்மெட்டை எடுத்தான். அப்பா பால் விடாத கட்டன் சாயாவோடு எட்டிப் பார்த்தார்.

"போடிக்கா போற? நல்ல கம்பளியா ஒண்ணு வாங்கிட்டு வாப்பா."

"வீட்டுல மூணு கெடக்கே?"

"ஒன் மிசினுக்குத்தான்யா. பழைய ஃபேன் இருந்தப்ப ஒண்ணு போத்துனாலே தூங்கிரும், தூங்குனதும் எடுத்து மடிச்சு வச்சிருவேன். புதுசு மாட்டுனதும் நடுங்குச்சு, ரெண்டு போத்துனேன். சன்னலையும் தொறந்து விட்ட, மூணு ஆச்சு. இப்ப தண்ணி வேற விடப் போறியாமே, நாலு இல்லாம அது எப்படித் தூங்கும்?"