ஜீரோ டபிள்யூ பதினாறுக்குக் காத்திருந்தவர்

"பொருள்: எஞ்சின் ஆயிலின் பாகுநிலை. பார்வை: கடந்த திங்கட்கிழமை தங்கள் ஊழியர் தொலைபேசியில் சிரித்தது."

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், காளவாசல் தபால் நிலையத்திலிருந்து ஒரு கார் சர்வீஸ் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் போன கடிதத்தின் தலைப்பு இது. நகலை என்னிடம் கொடுத்து, "நீங்க பழசையெல்லாம் தேதி போட்டு வைக்கிற ஆளு. இதையும் வைங்க" என்றார் எழுதியவர். வைத்திருக்கிறேன். எஞ்சின் ஆயிலுக்காகப் பதிவுத் தபால் அனுப்பிய மனிதர் மதுரையில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இருக்கப் போவதில்லை.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காளவாசலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் 'ஜீரோ டபிள்யூ'. அவர் வாங்கிய ஹைபிரிட் காருக்கு ஜீரோ டபிள்யூ பதினாறு என்ற ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருந்தது. அதைத் தெருவில் கேட்டவர்களுக்கும் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். காய்கறி வண்டிக்காரர் வெண்டைக்காய் நிறுத்து முடிப்பதற்குள் பாகுநிலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கு ஒரே எதிர்க்கட்சி பாண்டி. முனையில் பட்டறை வைத்திருப்பவர்.

"சார், அந்த டபிள்யூன்னா என்னா?"

"விண்டர். குளிர்காலம். முன்னால இருக்குற நம்பர் சின்னதா இருந்தா, குளிர்ந்து கிடக்குற எஞ்சின்லயும் ஆயில் சட்டுன்னு ஓடும்னு அர்த்தம்."

"மதுரைக்கும் விண்டருக்கும் என்னா சார் சம்பந்தம்? நமக்கு இருக்குறது வெயிலு, கடும் வெயிலு, கத்திரி வெயிலு. இந்தச் சூட்டுல தண்ணி மாதிரி ஆயில ஊத்துனா எஞ்சின் கையில வந்துரும். நம்ம ஊருக்கு இருபது டபிள்யூ அம்பதுதான். ஊத்துனா தேன் மாதிரி இறங்கணும்."

"பாண்டி, இது பழைய ஜீப்பு இல்ல. ஹைபிரிட். காளவாசல் சிக்னல்ல நின்னா எஞ்சின் தூங்கிரும். பேட்டரியில கொஞ்ச தூரம் போகும். அப்புறம் திடீர்னு எந்திரிக்கும். எந்திரிச்ச நிமிசமே ஆயில் எல்லா மூலைக்கும் போகணும். கெட்டி ஆயில் உங்க மாமனாரு மாதிரி. கூப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்பிப் பாப்பாரு."

பாண்டியின் மாமனார் அப்போது பட்டறை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்காததால் வாதம் நிரூபணமானது.

அத்தோடு விடவில்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு ரக ஆயிலை ஊற்றி, சைக்கிள் பேரிங் குண்டுகளைப் போட்டு, எது எவ்வளவு நேரத்தில் அடியைத் தொடுகிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். குண்டு விழுந்த ஆயிலில் பாதி, காயப்போட்டிருந்த வடகத்தில் கவிழ்ந்தது. அவர் மனைவி சாந்தா அக்கா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மறுநாள் சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் கார் வாங்கப் போனால் என்ன கேட்பார்? நானும் கூடப் போயிருந்தேன். விற்பனைக்கார இளைஞர் மைலேஜ், திரை, கேமரா என்று சொல்லிக்கொண்டே வந்தார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டு வரைக்கும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார். அடுத்த காருக்குப் போனார். மூன்று கடைகளில் இதே கதை. ஒரு கடையில் காவலாளி எங்களைப் பின்தொடர்ந்தே வந்தார். கடைசியாக ஒரு காரின் சீட்டும் கயிறும் சரியாக நின்றன. "இதுதான்" என்றார். அதற்குப் பிறகுதான் அது என்ன கார் என்று கேட்டார். ஹைபிரிட் என்றார்கள்.

கயிறு, பேரையூரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டு நாற்காலியின் உயரம்.

அந்த அக்காவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் குனிந்து நுழைய முடியாது. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழ முடியாது. அந்த நாற்காலியில் மட்டும் உட்கார்ந்து எழுவார். பல வருடமாகப் பேரையூரை விட்டு வெளியே வரவில்லை. ஒரு பசு மாடு வைத்திருந்தார். மாட்டை விட்டுவிட்டு ஒரு ராத்திரி கூட வேறிடத்தில் தங்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் போக வேண்டும்.

டிவியில் பார்த்திருக்கிறார். ஜீரோ டபிள்யூ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் அந்த ஆசை எங்கள் தெருவுக்கே தெரியும்.

"அம்புட்டு நீளமாமேடா. வீட்டுக் கூரைக்கெல்லாம் மேல போகுதாமே. நான் ஒரு நாளாச்சும் மாடி வீட்டுல இருந்திருக்கேனா? இந்தக் கோடியில ஏறி அந்தக் கோடியில இறங்குனாப் போதும். சாமி கும்பிடக் கூட நிறுத்த வேணாம்."

"கூட்டிட்டுப் போறேன்க்கா."

கார் வந்ததும் போயிருக்கலாம். முதல் மாதங்களில் புது எஞ்சினைப் பதமாக ஓட்ட வேண்டும் என்று இவர் மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பிறகு பசு கன்று போட்டது. பிறகு உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கண் நன்றாகத் தெளிந்த பிறகே பாலத்தைப் பார்ப்பது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். நல்ல முடிவாகத்தான் தோன்றியது. அதற்குள் ஆயில் மாற்றும் கிலோமீட்டர் நெருங்கிவிட்டது.

சர்வீஸ் நிலையத்தில் இவருடைய கேஸ் ஒரு பெண்ணிடம் வந்தது. பொறுமைசாலி. திங்கட்கிழமை போனில் சிரித்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"சார், பதினாறு ஸ்டாக் இல்ல. ஜீரோ டபிள்யூ இருபது ஊத்துறோம். பதினாறு கிடைக்கலைன்னா இருபது ஊத்திக்கலாம், அடுத்த தடவை மறுபடியும் பதினாறுக்கு மாத்திறணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு சார்."

"படிச்சேன்மா. முப்பது வருசம் ஸ்கூல்ல இருந்தவன். லீவு லெட்டர் கொடுத்தா லீவு உண்டு. அதுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வராம இருக்குறது நல்லதுன்னு ஆயிருமா? நாளைக்கு எஞ்சின்ல ஒண்ணுன்னா, வாரண்டி கேட்டு வந்தா, நீங்க ஊத்துனது பதினாறு இல்லையேன்னு உங்க கம்பெனியே சொல்லும்."

"சொல்ல மாட்டாங்க சார்."

"எழுத்துல குடுங்க."

"சரி சார், பதினாறு வர வரைக்கும் வண்டிய ஓட்டுங்க. கொஞ்சம் கிலோமீட்டர் கூடுனாலும் ஒண்ணும் ஆகாது."

"அதையும் எழுத்துல குடுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தர மாட்டாங்க சார்."

"அப்ப ஓட்ட மாட்டேன்."

ஓட்டவில்லை. காருக்கு உறை போட்டுக் கயிறு கட்டினார். மிச்சமிருந்த கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேரையூருக்குப் போய் அக்காவைக் கூட்டிவந்து பாலத்தில் ஏற்றுவது வரைக்கும் வரும். திரும்பக் கொண்டுபோய் விட வராது.

"கூட்டிட்டு வந்துருங்க. ஆயில் வர வரைக்கும் நம்ம கூட இருக்கட்டும்" என்றார் சாந்தா அக்கா.

"மாடு?"

"மாட்டையும் பின் சீட்டுல ஏத்துங்க."

"சாந்தா, நான் சீரியஸாப் பேசுறேன்."

"நானும்தான். சரி, டூரிஸ்ட் கார் ஒண்ணு பிடிச்சுப் போயிட்டு வாங்களேன்."

"எந்தக் கார்ல சீட்டு அம்புட்டு உயரத்துல இருக்குன்னு கயித்தை எடுத்துக்கிட்டு ஸ்டாண்டு ஸ்டாண்டாப் போகவா? இதுக்குத்தானே வாங்குனேன்."

கடிதங்கள் போயின. வந்த ஒரு பதிலைச் சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டு, 'கேள்விக்குப் பதில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஒரு நாள் ஆயில் வந்துவிட்டது என்று போன் வந்து, வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் போய், டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இருபது. பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி இறங்காமல் இருக்க உறையைக் கழற்றி, காரை உயிர்ப்பித்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். "சார் வண்டி போகாமலே மைலேஜ் குடுக்குது" என்றார் பாண்டி. ஷேர் ஆட்டோக்காரர்கள் அவரைப் பார்த்தால், "சார், கார் சௌக்கியமா?" என்பார்கள். "சௌக்கியம். ஆயிலுக்கு வெயிட்டிங்" என்று நின்று பதில் சொல்வார். "கார் வாங்குன நாள்ல இருந்து நான் நடக்குறதுதான் ஜாஸ்தியாயிருச்சு" என்று சாந்தா அக்கா பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார்.

பேரையூரிலிருந்து போன் வரும்.

"என்னடா, எண்ணெய் வந்துச்சா?"

"மெட்ராஸ்ல இருந்து கிளம்பிருச்சாம்க்கா."

"நடந்து வருதாக்கும்? இங்க செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் இருக்கு. அத ஊத்திக்கிட்டு வந்துரேன்டா."

"நல்லெண்ணெய் வேற கிரேடுக்கா."

"ஒனக்கு எதுதான்டா கிரேடு? சரி வையி. கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுது."

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எதிர் வீட்டுச் சுவரில் எழுதியிருப்பதைப் போனிலேயே படித்துக் காட்டினார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலை, தொழுவத்தில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தார். இடுப்பு. அன்றைக்குத்தான் நான் அந்த உறையை அவர் கயிறு அவிழ்க்காமலே கிழித்து எடுத்ததைப் பார்த்தேன். நானும் ஏறிக்கொண்டேன். கிலோமீட்டரை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அன்றும் அடுத்த நாட்களிலும் ஓடிய ஓட்டத்தில் அது எல்லையைத் தாண்டிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்னலில் தூங்கியது, பச்சை விழுந்ததும் எழுந்தது.

கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மறுபடி போன் வந்தது. ஆம்புலன்ஸ் எப்போதோ கிளம்பிவிட்டது, நேராக நத்தம் ரோட்டில் இருக்கிற எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்றார்கள். வழியில் எங்களைக் கடந்து போன சைரன்களில் எது அது என்று தெரியவில்லை. திரும்பினோம்.

அக்கா பிறகு நினைவோடு பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்து அவர் பேரையூரிலிருந்து வந்த மறுநாள் அந்தச் சர்வீஸ் பெண் கூப்பிட்டார். பதினாறு வந்துவிட்டது. கிலோமீட்டர் கூடியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, சீல் உடையாமல் இருக்கிறதா என்று சாந்தா அக்காதான் கிட்டப் போய்ப் பார்த்தார். "சரியானதுதாங்க" என்று வந்து சொன்னார். அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். ஆயிலைப் பற்றிப் பேசவில்லை.

"நீங்க விசாரிக்கிறதுல கெட்டிக்காரரு. எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த ஆஸ்பத்திரிக்கு மேம்பாலத்துல ஏறியும் போகலாம், கீழ பழைய ரோட்டுலயும் போகலாம். அன்னைக்கு ஆம்புலன்ஸ் எதுல போச்சு?"

"ஜன்னல்ல பால் கலர் கண்ணாடி ஒட்டியிருப்பாங்களே சார். படுத்திருந்தவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

"ஏத்தம் தெரியும். படுத்திருந்தாலும் உடம்பு பின்னால சரியும். அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

விசாரித்தேன். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண், "நான் கண்ண மூடிச் சாமிய வேண்டிக்கிட்டே வந்தேன்ணே" என்றார். டிரைவரைத் திருமங்கலம் ஸ்டாண்டில் பிடித்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப்பு அடிக்கிறோம்ணே. அவசரம்னா மேல ஏறிருவேன். ஏறுற இடத்துல டிராபிக்னா கீழயே போயிருவேன். அன்னைக்கு எப்புடின்னு சத்தியமா ஞாபகம் இல்ல."

அவசரமாகத்தான் இருந்தது. ஏறும் இடத்தில் அந்த நேரத்தில் நெரிசல் இருந்ததா என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஜீரோ டபிள்யூ தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். "மேலதான் சார் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தகவல் இன்று வரை உறுதிப்படவில்லை.