நூறு வலது கால்

சாம்பிள் ரூம் உதவியாள் காசி மூன்றாவது டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் வலதுதான் சார்" என்றார்.

நசீர் அகமது நான்காவதைத் தானே திறந்தார். வலது. மீதி தொண்ணூற்றாறைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளிநாட்டுக்குக் காட்டுகிற சாம்பிள் ஷூவை ஒற்றைக் காலுக்குத்தான் தைப்பார்கள் என்பது ஆம்பூரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஜோடியாக வைத்தால் ஜோடியாகவே நடந்து வெளியே போய்விடும். சைஸும் ஒரே சைஸ், நாற்பத்திரண்டு. முன்பெல்லாம் இடது காலுக்குத் தைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் பேரணாம்பட்டு கிளையிலிருந்து சாம்பிள் ரூம் பொறுப்புக்கு வந்த நசீர்தான், நல்ல காரியம் வலது காலில் தொடங்கட்டும் என்று மாற்றினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சீர்திருத்தம் அது.

ஆனால் முதலாளி, "மேடையில குடுக்க நூறு ஷூ தேறுமா?" என்று கேட்டபோது, "டப்பா டப்பாவா இருக்கு" என்று சொன்ன வாய்க்கு மட்டும் இதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

கச்சேரி ஆறு மணிக்கு. பாலாற்றில் தண்ணீர் வராது என்று நம்பிக் கரையோரம் வீடு கட்டியிருந்த நூறு குடும்பங்களின் சுவர்களை, மூன்று வருடத்துக்கு முன் ஆறு நேரில் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தது. அவற்றைத் திரும்ப எழுப்பத்தான் இந்த 'நீண்டகால மறுவாழ்வு இன்னிசை மாலை'. டிக்கெட்டெல்லாம் தோல் வியாபாரிகள் வாங்கிவிட்டார்கள். ஆனால் சுவரை மேடையில் வைத்துக் கொடுக்க முடியாது. போட்டோவுக்குக் கையில் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் ஷூ. அதைப் பார்க்கத்தான் கம்பெனி ஷூவையெல்லாம் மொத்தமாக வாங்குகிற ஜெர்மனிக்காரப் பையர்.

முதலாளி தங்கமானவர், சொதப்பியவனைத் திட்டவே மாட்டார். ராணிப்பேட்டை கெமிக்கல் கிடங்குக்கு மாற்றிவிடுவார். நசீருக்கு முன் அதே நாற்காலியில் இருந்த தபரேஸ் அப்படிப் போனவர்தான். என்ன தப்பு செய்தார் என்று யாரும் வாய் திறந்ததில்லை. நசீரின் மனைவி ரஃபத் ஜஹான், ராணிப்பேட்டை என்றால் தனியாகத்தான் போக வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. இடது கால் தைக்க லைனில் ஆள் இல்லை. நசீர் வேறு வழியில்லாமல் தபரேஸுக்கே போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர், எந்தக் கால், என்ன சைஸ் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"டப்பாவை டேப் போட்டு நல்லா ஒட்டிடு பாய்" என்றார் தபரேஸ் கடைசியாக. "மேடையில மட்டும் தொறக்க வுடாத."

காசி டேப்பை எடுத்தார்.

ஒட்டிய பிறகு புதுப் பிரச்சினை. ஒற்றை ஷூ டப்பா, தூக்கினால் காற்று மாதிரி மேலே வந்தது. தினமும் ஷூ தூக்குகிற பையரின் கைக்கு இது தெரியாமல் போகுமா? எல்லாவற்றையும் பிரித்து, இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் டப்பாவுக்கொரு அரைச் செங்கல்லைக் காகிதத்தில் சுற்றி வைத்து, மறுபடி ஒட்டினார்கள். இப்போது ஷூ ராணுவத்துக்குத் தைத்தது போல் கனத்தது.

கச்சேரி நடக்கிற கல்யாண மண்டப வாசலில் ஆற்றங்கரை ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு மஞ்சப்பை. பிரியாணி கட்டிக்கொண்டு போகத்தான் என்று நசீர் முடிவு செய்து, இன்னொரு தேக்சா பிரியாணியை அடுப்பில் ஏற்றச் சொல்லி ஆள் அனுப்பினார். முன்னால் வந்த சவுரியம்மாள் அவரை நிறுத்தி, "அழைப்புச் சீட்டுல ஷூன்னு போட்டிருந்துச்சே, அதே கம்பெனி ஷூதான சார்?" என்று கேட்டார்.

"அதே கம்பெனிதாம்மா. எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

சவுரியம்மாள் திருப்தியாகப் பையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

மேடைக்குப் பின்னால் அடுத்த இடி. பையர் ஆசைப்படுகிறாராம்: யாராவது ஒருவர் மேடையிலேயே ஷூவைப் போட்டு நடந்து காட்ட வேண்டும். முதலாளி பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

பையருக்கு ஏழரைக்கு ஏர்போர்ட் கார். நசீர் பாடகர் ஜியாவுதீனின் கையைப் பிடித்துக்கொண்டு, கார் கிளம்பும்வரை பாட்டை நிறுத்தவே கூடாது என்று கெஞ்சினார். ஜியாவுதீனை இதுவரை எல்லோரும் நிறுத்தச் சொல்லித்தான் கெஞ்சியிருக்கிறார்கள். மனுஷன் உருகிப்போய், ஒரே வரியை இருபது நிமிடம் வளைத்து வளைத்துப் பாடினார். தபேலாக்காரர் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். தோல் வியாபாரிகள் ஒவ்வொருவராகப் போன் பேச வெளியே போனார்கள். பையர் மட்டும் கண்ணில் நீர் மல்க எழுந்து நின்று கைதட்டி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாளைக்குப் போய்க்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஷூ" என்றார் பையர்.

"நசீர், ஷூ" என்றார் முதலாளி.

முதலில் கூப்பிட்ட பெயர் சவுரியம்மாள். டப்பாவை வாங்கியவர், நசீர் தடுப்பதற்குள் பல்லால் டேப்பைக் கடித்துப் பிரித்தார். வலது ஷூ கைக்கு வந்தது. அரைச் செங்கல் மேடைமேல் விழுந்து, மைக் வழியாக மண்டபம் முழுக்க இடித்தது. முதலாளி செங்கல்லைப் பார்த்தார். பிறகு நசீரைப் பார்த்தார். நசீருக்கு அங்கேயே ராணிப்பேட்டைக் கெமிக்கல் நெடி அடித்தது.

சவுரியம்மாள் கீழே குனிந்து, செங்கல்லை எடுத்து முந்தானையால் துடைத்துப் பத்திரமாக மஞ்சப்பைக்குள் வைத்தார். வெளியே வந்த கையில் ஒரு இடது கால் ஷூ இருந்தது. சைஸ் நாற்பத்திரண்டு. கீழே தொண்ணூற்றொன்பது மஞ்சப்பைகள் ஒரே சமயத்தில் சலசலத்துத் திறந்தன.

சவுரியம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எடது காலு வெள்ளத்தப்பவே தபரேஸ் சாரு குடுத்துட்டாரு. இப்ப வலது காலும் வந்துச்சு, கூட அரைச் செங்கல்லும் வந்துச்சு. இன்னும் நாலு வெள்ளம் ஒழுங்கா வந்துச்சுன்னா வூடே எழும்பிடும் சார்."