டிராகன் வாய் திறக்க வேண்டும்

கடைசி அத்தியாயத்தில் டிராகன் வாயைத் திறந்தே ஆக வேண்டும். திறந்து, எதிரே நிற்கும் வீரனைக் குத்தலாக நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நேரம் பார்த்து வீரன் அதன் நாக்குக்கு அடியில் வாளைச் செருக வேண்டும். உடம்பெல்லாம் இரும்புச் செதிலான அந்தப் பிராணிக்கு மெத்தென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று முதல் பாகத்திலேயே எழுதி, அச்சாகி, விற்றும் ஆகிவிட்டது. இனி மாற்ற முடியாது.

ஆனால் டிராகனுக்குப் பேச்சு வரவில்லை. காரணம் மாமனார்.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு மாயாஜால நாவல் எழுதுகிறவனுக்கு மாமனார்தான் அமுதசுரபி. மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவார். "மாப்பிள்ளை ரொம்ப பிஸி. சும்மா இருக்கறதுக்கும் நேரம் வேணும்ல" என்பார். மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் அறைக்குள் போய், அதைச் செந்தமிழாக்கி டிராகன் வாயில் போட்டுவிடுவான். வாசகர்கள் கொண்டாடியது வீரனை அல்ல, டிராகனின் வாயைத்தான்.

அப்படிப்பட்டவர், முதல் பாகம் வெளிவந்த கொஞ்ச நாளில் அடங்கிப்போனார். மாப்பிள்ளை கூடத்துக்கு வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு புன்னகை. அவ்வளவுதான். அப்பாவுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

மாப்பிள்ளை தானாகவே எழுதிப் பார்த்தான். அவன் எழுதிய டிராகன், வீரனை எரிப்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று விசாரித்தது.

பதிப்பாசிரியர் போனில் ஒரு வழி சொன்னார். "பேசாமலே சாகட்டுமே சார். யார் கேக்கப்போறாங்க?"

"பேசாம செத்தா அது டிராகன் இல்லை, பல்லி. புத்தகமே வராட்டியும் சரி, அப்படி எழுத மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அன்றே காரியத்தில் இறங்கினான். ஈரத் துண்டை மாமனாரின் நாற்காலியில் போட்டான். அவர் அதைப் பிழிந்து கொடியில் உலர்த்திவிட்டுப் புன்னகைத்தார். அவருடைய குறுக்கெழுத்துப் புதிரைத் தப்பும் தவறுமாக நிரப்பி வைத்தான். அவர் பேனாவையும் அவனிடமே கொடுத்துவிட்டார். அவருடைய மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்தான். அது தெரியாமல் நடந்தது என்றாலும் முயற்சியில் சேர்த்துக்கொண்டான். ஒட்டுப் போட்ட கண்ணாடி வழியாகவும் புன்னகைதான் வந்தது.

கடைசியில் பெரிய பொய்யாக ஒன்றை எடுத்துவிட்டான். பகுதி நேரமாகப் பாடம் எடுத்துவந்த டியூஷன் சென்டர் வேலையை விட்டுவிட்டதாக எல்லார் முன்னாலும் அறிவித்தான். மாமனார் தலையை ஆட்டினார். மனைவிதான் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டு நேரடித் திட்டு, குத்தல் கிடையாது, டிராகனுக்கு உதவாது. அதோடு விடவில்லை. சென்டருக்குப் போன் செய்து, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். அப்போதுதான் விஷயம் தெரிந்த அவர்கள், விட்டது தொல்லை என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

வேலையும் போனபின் மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நேரே மாமனார் முன்னால் போய் நின்றான்.

"எழுதறதை மட்டும் விட மாட்டேன் மாமா. தண்டச்சோறுன்னு வேணும்னா சொல்லுங்க. நீங்க வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்ற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

மாமனாரின் முகம் சிவந்தது. கன்னம் உப்பியது. மீசை துடித்தது. மாப்பிள்ளை ஆசையோடு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். அதைப் பார்த்ததும் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மூலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமியார், தலை நிமிராமலே சொன்னாள்.

"வீணா நிக்காதீங்க மாப்பிள்ளை. முதல் பாகத்தை அவரும்தான் படிச்சிருக்கார். வாயைத் திறந்தா எங்கே குத்துவீங்கன்னு அவருக்குத் தெரியாதா?"