காக்காய்க்கு ஒரு பெர்மிட்

சாமிக்கண்ணு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மணைப்பலகையில் உட்கார்ந்து கால் மணி நேரமாகியும் இலை விழவில்லை. அடுப்படியிலிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் வாசனை வந்தது. மனைவி கமலவேணிதான் வரவில்லை.

"வேணி, ஒரு மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும்."

"இருங்களேன். யாரு வேணாம்னா?"

"சோறு?"

"எங்கப்பாவுக்கு வைக்காம இந்த வீட்ல யாருக்கும் சோறு கிடையாது. அது ரொம்ப நாளா இருக்கற சட்டம். உங்க சட்டம் நேத்துதான் வந்திச்சு."

அவள் 'உங்க சட்டம்' என்றது முந்தின நாள்தான் மலாயாவில் மெர்லிமாவ் ஊர்ச் சந்தையான பாசாரின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஊரிலிருந்து சாப்பாடு போகிறதாம். ஆகையால் சமைத்த சோறோ சமைக்காத அரிசியோ ஒரு பிடிகூட வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் சிறை, அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதியவர் உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் குமாஸ்தாவான, ஊர் பாஷையில் கிராணியான, சாமிக்கண்ணுவேதான். ஆங்கில மூலத்தில் 'ஒரு பிடிகூட' என்று இல்லை. நடை அழகாக இருக்கட்டும் என்று அவராகச் சேர்த்தது. அந்த அழகு இப்போது அவரைப் பட்டினி போட்டது.

கமலவேணியின் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். பிணமும் வரவில்லை, சேதியும் வரவில்லை. எந்தத் தேதியில் திதி கொடுப்பது என்று தெரியாததால் அவள் தினமும் கொடுத்தாள். பின்பக்கச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவாள். இடது கால் நொண்டியான ஒரு காக்காய் வந்து தின்னும். அப்பாவும் இடது காலை இழுத்து நடந்தவர்தான். அவளுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

சாமிக்கண்ணு மூளையுள்ளவர். கிராணிகள் எல்லோரும் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். சோறு வெளியே போகக் கூடாது என்றுதானே சட்டம், காக்காய் உள்ளே வரக் கூடாது என்று இல்லையே என்று வாதாடி, இலையை அடுப்படி ஜன்னலுக்கு உள்பக்கம் வைக்கச் செய்தார். காக்காய் வெளியே மரத்தில் உட்கார்ந்து பார்த்தது. பக்கத்து வீட்டு முனியாயி அக்கா வளர்க்கும் பூனை உள்ளே வந்து தின்றுவிட்டுப் போனது.

"உங்கப்பா பூனை ரூபத்துல வந்திருக்கலாம்" என்றார் சாமிக்கண்ணு.

"எங்கப்பா மீன்முள்ளுக்கு அலையற ஆளில்ல" என்றாள் கமலவேணி. அன்றைக்கும் இலை விழவில்லை.

மூன்றாம் நாள் ரங்கசாமி வந்தார். சாமிக்கண்ணுவின் மேலதிகாரி பெல்லமி துரையின் பங்களாச் சமையல்காரர் அவர். நெற்றி நிறைய திருநீறு, சைக்கிள் பின்னால் மூடி போட்ட பெரிய கூடை. பாசாருக்குப் போகும் வழியில் எல்லார் வீட்டுப் பின்வாசலிலும் நின்று நலம் விசாரிக்கிற மனிதர்.

"வெறும் சுவரைப் பாத்தா மனசு கேக்கல, கிராணியாரே" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. "ஜப்பான்காரன் காலத்துலகூட நம்ம ஆளுங்க காக்காயப் பட்டினி போட்டதில்ல."

"சட்டம் அப்படிண்ணே. நான் என்ன பண்ண முடியும்?"

"தொரைகிட்ட எழுதிக் கேளுங்கலா. வெள்ளைக்காரனுக்குக் காகிதம் குடுத்தாப் போதும். சாமி சமாச்சாரம்னு சொன்னா மறுக்க மாட்டாரு."

ரங்கசாமிக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று சாமிக்கண்ணு நெகிழ்ந்துபோனார். மறுநாளே மனு எழுதினார்.

பெல்லமி துரை உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரியாவதற்கு முன் பத்து வருஷம் ரப்பர் தோட்டத்தில் துரையாக இருந்தவர். அவர் தமிழும் தோட்டத்தில் விளைந்ததுதான். அதட்ட மட்டும் உதவும். பதினொரு மணிக்கு ரங்கசாமி கொண்டுவந்து வைக்கும் இரண்டு அவித்த முட்டை மேஜைமேல் இல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. ஒரு முட்டையை உரித்துக்கொண்டே மனுவைப் படித்தார்.

"செத்த ஆள் காக்கா ஆகுது?"

"ஆமாங்க தொரை. எங்க சமய வழக்கம்."

"சரி. காக்காவுக்குப் பெர்மிட் குடு. ஒரு வீடு, ஒரு காக்கா, ஒரு பிடி. பன்னிரண்டரை மணி. அடையாளம் எழுது."

மனிதர்களுக்கே அடையாளக் கார்டு கொடுத்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் காக்காய்க்கும் வந்துவிட்டது. பெர்மிட் எண் ஒன்று: கமலவேணி வீடு; உறவு: தகப்பனார்; அடையாளம்: இடது கால் நொண்டி. அன்று மத்தியானம் காக்காய் தின்றது, சாமிக்கண்ணுவும் தின்றார். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு ஏப்பம் விட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு வாரத்துக்குள் ஆபீஸ் வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லார் வீட்டிலும் செத்தவர்கள் இருந்தார்கள். ரங்கசாமி அண்ணன்தான் பெர்மிட் விஷயத்தைச் சொன்னார் என்றார்கள். முனியாயி அக்கா தன் மாமியாருக்காக வந்திருந்தாள்.

"உயிரோட இருக்கறப்ப ஒரு வாய்க் கஞ்சி குடுத்தியாக்கா?" என்று கேட்டார் சாமிக்கண்ணு.

"அதுக்குத்தான் இப்பப் பயமா இருக்கு. எழுதுப்பா."

மொத்தம் நாற்பத்து மூன்று பெர்மிட். ஒவ்வொன்றிலும் 'பரிந்துரைக்கிறேன்' என்று சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார். ஊரே தன் பேனாவை நம்பியிருக்கிறது என்று அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. பெண்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினாரே தவிர, எழுதியதைச் சேர்த்து வைத்து அவர் படித்துப் பார்க்கவில்லை. துரை படித்தார்.

"சாமிக்கண்ணு. நாற்பத்து மூணு காக்கா. எல்லாம் இடது கால் நொண்டி. ஏன்?"

சாமிக்கண்ணு பெர்மிட்டுகளை இப்போதுதான் புரட்டிப் பார்த்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊரில் இருப்பது ஒரே காக்காய், அதையே நாற்பத்து மூன்று வீடும் தங்கள் வீட்டுப் பெரியவர் என்று நம்புகிறது என்று. ஆனால் உண்மை சொல்கிற பழக்கம் ஆபீஸில் அவருக்குக் கிடையாது.

"இந்த ஊர்க் காக்காய் எல்லாமே அப்படித்தாங்க தொரை. பரம்பரை வியாதி."

துரை பெர்மிட்டுகளை வாங்கி நூல் போட்டுக் கட்டினார். "சனிக்கிழமை நான் வர்றேன். எண்ணணும்."

சனிக்கிழமைக்குள் நாற்பத்து இரண்டு காக்காய்க்கு எங்கே போவது? பாசாரில் புறா விற்கும் மலாய்க்காரரிடம் போய் நின்றார். அவர் காக்காயை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று சிரித்துவிட்டு, ஒரு பெரிய மலை மைனாவைக் காட்டினார். உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் கழுத்தும் மட்டும் மஞ்சள். அதற்குக் கரி பூசிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார். ஒன்றைவிட இரண்டு பரவாயில்லையே என்று சாமிக்கண்ணு அதை வாங்கிக்கொண்டு வந்து, கரி பூசி, சனிக்கிழமை காலை முனியாயி அக்கா வீட்டுப் பப்பாளி மரத்தில் ஒரு காலைக் கட்டி உட்கார வைத்தார். கால் கட்டியிருந்ததால் நொண்டி மாதிரியும் இருந்தது.

பன்னிரண்டரைக்குத் துரை வீடுகளின் பின்பக்கச் சந்துக்குள் வந்தார். நாற்பத்து மூன்று சுவரிலும் நாற்பத்து மூன்று பிடி சோறு ஆவி பறந்தது. பப்பாளி மரத்தைக் காட்டி, "அதோ ஒண்ணுங்க தொரை" என்றார் சாமிக்கண்ணு.

"செலாமாட் பாகி, துவான்" என்று காலை வணக்கம் சொன்னது காக்காய்.

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "காக்கா மலாய் பேசுது."

"வீட்ல பழகினதுங்க."

இதற்குள் நிஜக் காக்காய் வந்துவிட்டது. கமலவேணி வீட்டுச் சுவரில் நாலு கொத்து கொத்தியது. நொண்டிக்கொண்டே முனியாயி அக்கா வீட்டுச் சுவருக்குப் போனது. மூன்றாவது வீட்டில் பாதியில் வயிறு நிறைந்து, தந்திக் கம்பியில் ஏறித் தூங்கிவிட்டது. துரை மூன்று மணியானாலும் நின்று பார்ப்பதாகத்தான் வந்தார். ஒரு மணிக்கு அவருக்கே பசித்தது. சாமிக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். அங்கே சாப்பாடு தயாராக இல்லை. சமையல்காரர் எங்கோ போய்விட்டு அரை மணி கழித்துத்தான் வந்தார். ஆறிப்போன கறியைத் தின்று எரிச்சலோடு இரண்டரைக்குச் சந்துக்குத் திரும்பினார்கள்.

நாற்பத்து மூன்று சுவரிலும் ஒரு பருக்கை இல்லை. காக்காய் இன்னும் கம்பியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு காக்கா. மூணு வீடு" என்றார் துரை. குரல் தணிந்திருந்தது, அவர் கத்தாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "மீதி நாற்பது பிடி எங்க? தினம் நாற்பது பிடி. மாசம் ஒரு மூட்டை. காட்டுக்குப் போகுது. கையெழுத்து யாருது?"

சாமிக்கண்ணு சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பேனாவை உள்ளே தள்ளினார்.

துரையின் உத்தரவு சுருக்கமாக இருந்தது. ஏழு நாளைக்கு எல்லாப் பெர்மிட்டும் ரத்து. சுவரில் ஒரு பருக்கை இருக்கக் கூடாது. "எவன் இந்தச் சோறு தின்னான், அவன் இப்ப பட்டினி. பட்டினி ஆள் தானா வெளியே வருவான். அவனைப் பிடி. வராட்டி சனிக்கிழமை போலீஸ் உன்னைப் பிடி."

அன்று மாலை சாமிக்கண்ணு இதைச் சொன்னதும் கமலவேணி எழுந்து போய்ப் பின்பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு வந்தாள்.

"கப்பல்ல ஏத்திட்டாங்கன்னா நாகப்பட்டினத்துல காக்காய்க்குப் பஞ்சமில்ல" என்று சாமிக்கண்ணு சிரிக்கப் பார்த்தார்.

"அதெல்லாம் வேற யாரோட அப்பாவோ" என்றாள் அவள். "அவரு சயாம்லேருந்து இவ்வளவு தூரம் நொண்டிக்கிட்டே இந்தச் சுவத்தைத் தேடி வந்தவருங்க. நாம போயிட்டா யாரு வீட்ல போயி நிப்பாரு?"

சாமிக்கண்ணு முதல் தடவையாக அந்தக் காக்காயை மாமனாராக நினைத்துப் பார்த்தார். அவருக்கும் கண் கரித்தது. அந்த ஏழு நாளும் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைக் காக்காய்க்கு முதலில் வைக்க வேண்டும் என்ற விதி கிடையாது என்பதால் இரண்டு பேரும் அதையே அவித்துத் தின்றார்கள். வேளை தவறாமல் நொண்டிக் காக்காய் வெறும் சுவரில் வந்து உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மலை மைனா முனியாயி அக்காவோடு ராசியாகிப் பூனையைத் துரத்தக் கற்றுக்கொண்டது.

துரை சந்தின் இரண்டு முனையிலும் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தினார். திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. நாள் போகப் போகத் துரைக்கு முகம் வற்றி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். காட்டு ஆளுக்கு இவ்வளவு வைராக்கியமா என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை சாமிக்கண்ணு இரண்டு வேட்டியும் ஒரு திருநீற்றுப் பையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கமலவேணி வாசல்வரைகூட வந்து வழியனுப்பவில்லை, வந்தால் அழுதுவிடுவாள். துரையின் அறையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் நாற்பத்து மூன்று பெர்மிட்டும் நூல் கட்டிக் கிடந்தன.

"ஏழு நாள்" என்றார் துரை இன்ஸ்பெக்டரிடம். "ஒருத்தனும் பசின்னு வரல."

கடிகாரம் பதினொன்று அடித்தது. துரையின் கை பழக்க தோஷத்தில் மேஜையைத் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. மணியை ஓங்கி அடித்தார். ரங்கசாமி உள்ளே வந்தார். தட்டில் உப்பும் மிளகுத்தூளும் மட்டும் இருந்தன.

"ரங்கசாமி. நாலு நாளா முட்டை இல்ல. ஏன்?"

ரங்கசாமி தலையைச் சொறிந்தார். சாமிக்கண்ணுவைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அப்புறம் துரையிடம் ஒரு மனு கொடுக்கிற பணிவோடு சொன்னார்:

"ஊர்ச் சுவத்துல சோறு வச்சு ஏழு நாளாச்சுங்க தொரை, நம்ம பங்களாக் கோழிங்களுக்கு நான் வேற எதை அள்ளிட்டு வந்து போடுவேன், பட்டினி கெடந்தா அதுங்க எப்படிங்க முட்டை போடும்?"